மூன்றாவது திரவம் எதற்கு?

வணக்கம்,

பென்சீனையும் சைக்ளோஹெக்சேனையும் பிரிக்க, சல்போலேன் என்ற கரைப்பானைச் சேர்த்துக் காய்ச்சி வடிப்பதாக எழுதியிருந்தீர்கள். பிரிய மறுக்கும் இரண்டோடு மூன்றாவதையும் கலந்தால் சிக்கல் கூடத்தானே செய்யும்? காய்ச்சி வடிக்கும் கோபுரத்தை இன்னும் உயரமாகக் கட்டினால் போதாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உயரத்திலிருந்தே தொடங்குகிறேன். பென்சீன் 80.1 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், சைக்ளோஹெக்சேன் 80.7-இல். வெறும் நெருக்கம் என்றால் உயரம் ஓரளவு கைகொடுத்திருக்கும். ஆனால் இரண்டும் ஏறத்தாழ சரிபாதியாகக் கலந்திருக்கும்போது, சுமார் 77.5 டிகிரியிலேயே சேர்ந்து கொதித்துவிடுகின்றன. ஆவியிலும் திரவத்திலும் ஒரே விகிதம். அந்த இடத்துக்கு வந்த பிறகு, கோபுரத்துக்குள் ஆவியும் திரவமும் சந்திக்கும் தட்டுகளை எத்தனை அடுக்கினாலும் பிரியாது.

சல்போலேன் முனைவுத்தன்மை மிகுந்த திரவம், அதாவது அதன் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் சற்றே மிகுந்திருக்கும். பென்சீன் வளையத்தின் மேலும் கீழும் பரவியிருக்கும் பை எலக்ட்ரான்களால், பென்சீன் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. சைக்ளோஹெக்சேனிடம் அந்த எலக்ட்ரான்கள் இல்லை. சல்போலேனுக்கு நடுவே அதற்கு இருப்புக்கொள்ளாது, ஆவியாகி மேலே போய்விடும். கொதிநிலையில் இல்லாத வித்தியாசம் இப்படித்தான் பிறக்கிறது. சிட்டிகை அளவு சேர்த்தால் இது நடக்காது. வரும் கலவையைப் போலச் சில மடங்கு சல்போலேன் ஊற்ற வேண்டும்.

எங்கே ஊற்றுகிறோம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கலவையோடு சேர்த்து அல்ல. கலவை நுழையும் இடத்துக்கு நன்றாக மேலே, உச்சிக்குச் சில தட்டுகள் கீழே. சல்போலேனின் கொதிநிலை 285 டிகிரியை ஒட்டியது என்பதால் அது ஆவியாகாமல் தட்டுத் தட்டாக இறங்கும். இறங்கும்போதே, ஏறிவரும் ஆவியிலிருந்து பென்சீனைப் பிடித்துக்கொண்டு போகும். உச்சியில் விட்டுவைத்த தட்டுகள், தப்பிவரும் கொஞ்சநஞ்ச சல்போலேனைத் திருப்பி அனுப்ப.

சரி, சிக்கல் கூடுமா என்றால், கூடும். அடியில் பென்சீனும் சல்போலேனும் சேர்ந்தே வரும், அவற்றைப் பிரிக்க இன்னொரு கோபுரம் வேண்டும். ஆனால் இந்த இரண்டின் கொதிநிலைக்கும் நடுவே 200 டிகிரி இருக்கிறது, சுலபமாகப் பிரிந்துவிடும். சல்போலேன் மறுபடி முதல் கோபுரத்துக்கே போகும்.

இரண்டாவது கோபுரத்தில் கவனிக்க வேண்டியது வேறு. சூடு மிஞ்சினால் சல்போலேன் சிதையும் என்பதால், அதைக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுவார்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வந்துவிடும். ஆக்சிஜன் பட்டால் அமிலம் உண்டாகி எஃகை அரிக்கும். அதனால் குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.