மலை ஏன் சிறுத்துப்போனது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

போன மாதம் நண்பர்களோடு நான்கு நாள் மலைப்பயணம் போய்வந்தேன். மொத்தம் 1,140 படங்கள் எடுத்திருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்தான். அங்கே நின்று பார்க்க நேரமில்லை, வீட்டுக்கு வந்து படங்களில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துத் தள்ளினேன். இப்போது கணினியில் திறந்தால் ஒன்றுகூட அங்கே பார்த்த மாதிரி இல்லை. எங்களை மிரட்டிக்கொண்டு நின்ற மலை, தூரத்தில் ஏதோ மண்மேடு போலக் கிடக்கிறது. வானம் வெள்ளைத் தாள். ஏரி சாம்பல் நிறம்.

போன் கேமரா போதாது, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கு என்கிறார் ஒரு நண்பர். நல்ல படம் என்று நாம் பார்ப்பதெல்லாம் எடிட்டிங்தான், பொய் என்கிறார் இன்னொருவர். எந்தக் கேமரா, எந்த லென்ஸ் வாங்கலாம்? எடிட் செய்வது ஏமாற்று வேலையா? கண் பார்த்ததை அப்படியே பிடிக்க ஒரு கருவி கிடையாதா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டு வாரமாக என் பழைய நெகட்டிவ்களைத் தூசி தட்டி, உறை மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அதன் நடுவில்தான் உங்கள் கடிதம் வந்தது. வேறு சமயத்தில் வந்திருந்தால் நாலு வரியில் பதில் போட்டிருப்பேன். ‘அங்கே நின்று பார்க்க நேரமில்லை, வீட்டுக்கு வந்து படங்களில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரி என்னை விடவில்லை. உங்கள் மேல் கோபம் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மலை. அது சிறுத்துப்போனதற்கு உங்கள் போன் காரணமில்லை. போன்களின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் அகன்ற கோணம் கொண்டது. ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் படுக்கைவாக்கில் பிடித்தால் இடமிருந்து வலமாக ஏறத்தாழ 74 பாகை பரப்பை வாரி எடுத்துக்கொள்ளும். முழு நிலவு வானத்தில் பிடிக்கும் இடம் அரை பாகைதான். கையை நீட்டிச் சுண்டுவிரல் நுனியால் அதை மறைத்துவிடலாம். அதாவது அந்தப் படத்தின் அகலத்தில் நிலவுக்குக் கிடைப்பது நூற்றைம்பதில் ஒரு பங்கு. ஆனால் நிலவு உதிக்கும்போது நம் கண்ணுக்கு வானத்தில் வேறு ஏதாவது தெரிகிறதா? மனம் அதையே பற்றிக்கொண்டு மற்றதையெல்லாம் ஒதுக்கிவிடுகிறது. உங்கள் மலைக்கும் அதுதான் நடந்தது. அங்கே அதை உங்கள் மனம் பெரிதாக்கிக் காட்டியது. லென்ஸுக்கு மனம் கிடையாது. மலையும் அதற்கு ஒன்றுதான், உங்கள் காலடியில் கிடந்த சரளைக்கல்லும் ஒன்றுதான்.

வானம் வெளுத்ததும் இதே கதை. கண் ஒரு காட்சியை ஒரே பார்வையில் பார்ப்பதில்லை, மேய்கிறது. வானத்துக்குப் போகும்போது பாவை சுருங்குகிறது, மரநிழலுக்கு இறங்கும்போது விரிகிறது. இப்படிப் பார்த்த நூறு துண்டுகளை மூளை தைத்து ஒரே காட்சியாக நமக்குக் கொடுக்கிறது. கேமரா அந்த ஒரு நொடித் துணுக்கில் ஏதாவது ஓர் அளவு வெளிச்சத்துக்குத்தான் கட்டுப்பட முடியும். இப்போதைய போன்கள் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒட்டிப் பார்க்கின்றன, உண்மைதான். உச்சிவெயிலில் அதற்கும் எல்லை உண்டு. போதாததற்குக் கேமராவுக்கு ஒற்றைக் கண். ஏறிவந்த மூச்சிரைப்பும் காதில் அடித்த காற்றும் ஈரமண் வாசனையும் அதற்குத் தெரியாது. நீங்கள் ‘அழகு’ என்று உணர்ந்ததில் இவையெல்லாம் கலந்திருந்தன.

ஆகவே கண் பார்த்ததை அப்படியே பிடிக்கும் கருவி கிடையாது. அது கிடைக்காதா என்று ஏங்குவதையும் விட்டுவிடுங்கள். அத்தனையையும் அள்ள முடியாது என்பதால்தான் எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மலைதான் உங்களை மிரட்டியது என்றால் வானத்தை வெட்டுங்கள், பக்கத்து மரங்களை வெட்டுங்கள், லென்ஸின் குவியத் தூரத்தை நீட்டி, அதாவது ஜூம் செய்து, மலையை மட்டும் எடுங்கள். அது எவ்வளவு பெரியது என்று காட்டத் தொலைவில் அதே மலைச்சரிவில் நடக்கும் ஒரு மனிதர் போதும். அந்த இடத்தில் உங்களை நிறுத்தியது எது என்று தெரிந்தால் இதையெல்லாம் செய்யலாம். அது தெரிய நிற்க வேண்டும். நீங்கள் நிற்கவே இல்லையே!

இப்போது அந்த நெகட்டிவ் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஓர் உறையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஓரத்தில் 1, 2, 3 என்று ஃபிலிம் தயாரிப்பாளர்கள் பதித்த எண்கள் மட்டும் கறுப்பாக, தெளிவாக இருக்கின்றன. நடுவில் ஒன்றுமில்லை. முப்பத்தாறு கட்டங்களும் வெறுமை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. விடிவதற்கு முன் ஒரு மலை ஏரிக்குத் தனியாக ஏறிப்போனேன். கையில் ஒரே ஒரு ரோல்தான். அவசரத்தில் இருட்டில் மாட்டியதில் ஃபிலிமின் முனை உருளையின் பல்லில் சரியாகச் சிக்கவில்லை. லீவரைத் தள்ளும்போது மறுபக்கத்துக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும், பார்க்கவில்லை. எண்ணிக்கை காட்டும் முள் மட்டும் நம்பிக்கையாக நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரே ரோல் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்றேன், நகர்ந்தேன், குனிந்தேன், காத்திருந்தேன். ஏழாவது படத்துக்காக மட்டும் முக்கால் மணி நேரம் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன், எதிர்க்கரை முகட்டின் நுனியில் வெயில் படட்டும் என்று. முப்பத்தாறாவது படத்தோடு லீவர் இறுகி நிற்க வேண்டும். நிற்கவில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று போயிற்று. அந்தக் கணம் வயிற்றில் எதுவோ இறங்கியது. இருந்தாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. சுருட்டி எடுத்துவந்து டாங்கில் போட்டுக் கழுவினேன். கழுவி எடுத்துத் தூக்கிப் பார்த்தபோது அழுதேன்.

ஆர்., அந்த முப்பத்தாறில் பெரும்பாலானவற்றை என்னால் இன்று சொல்ல முடியும். மூன்றாவது, கரையோரத் தண்ணீருக்கடியில் தெரிந்த கற்கள், அவற்றில் ஒன்றின் குறுக்கே வெள்ளை வரி. ஏழாவது நான் சொன்ன முகடு, வெயில் மேலிருந்து கீழே இறங்கியது, பாறையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக நிழலிலிருந்து வெளியே வந்தன. பன்னிரண்டாவதில் மூடுபனி தண்ணீரை விட்டு ஒரு முழம் எழும்பி, கத்தியால் வெட்டினதுபோல நேர்கோடாக நின்றது. இருபதுகளில் எங்கோ பாதி நீரில் மூழ்கிய ஒரு பட்டமரம், அதன் நிழல் மரத்தைவிடக் கறுப்பு. இதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை, இங்கே இருக்கிறது.

போன வருடம் எடுத்த டிஜிட்டல் படங்கள் என் வன்தட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கோப்பைத் திறக்காமல் அவற்றில் பத்தைச் சொல் என்றால் எனக்கு வராது.

என் அனுபவம் மட்டும் இல்லை இது. லிண்டா ஹென்கெல் என்கிற அமெரிக்க உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் இதைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார். சில பொருட்களை வெறுமனே பார்க்கச் சொன்னார், சிலவற்றைப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், படமெடுத்த பொருட்கள்தான் அவர்களுக்குக் குறைவாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பைக் கைகழுவிவிடுகிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை. எடுக்காத மற்றப் பகுதிகூட அவர்களுக்கு நினைவிருந்தது. ஒரு சின்னத் தேர்வு செய்தாலே போதும், மனம் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நீங்கள் செய்தது என்ன? நான்கு நாளில் 1,140 தடவை ‘பிறகு பார்க்கிறேன்’ என்று அந்த மலையிடம் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கே பார்த்தது போல இல்லை என்கிறீர்கள். அங்கே எங்கே பார்த்தீர்கள்? கடுமையாகப் பேசுகிறேன், தெரியும். அவ்வளவு செலவும் சிரமமும் பட்டு அங்கே ஏறிப்போன உங்களுக்கு அந்த அரை மணி நேரம்கூட மிஞ்சாமல் போனதே என்ற ஆற்றாமைதான்.

அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10-ஆம் தேதி கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்க ஏறினார். வயது 25. முதுகில் பெரிய கேமராவும், தகட்டுக்கு ஒரு படம் பதியும் கண்ணாடித் தகடுகளும். பாறைக்கு எதிரே போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தவை இரண்டே தகடுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த கையோடு அவருக்குப் புரிந்துவிட்டது, படம் சரியாகத்தான் வரும், ஆனால் அந்தப் பாறை தனக்குள் ஏற்படுத்திய பாரம் அதில் வராது என்று. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டர் மாட்டினார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுத்துவிடும், ஆகவே வானம் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். கறுத்த வானத்துக்கு முன்னால் அந்தப் பாறை நிற்கும் நிற்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வானம் அன்று யார் கண்ணுக்கும் கறுப்பாகத் தெரிந்திருக்காது. எடுக்கும் முன்பே படத்தை மனத்தில் பார்ப்பது என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு விதை அந்தக் கடைசித் தகடு. 1,140 தகடுகள் இருந்திருந்தால் அவர் அப்படி யோசித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

எடிட்டிங் பொய்யா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. 1850-களில் பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலை எடுத்தபோது, அன்றைய ரசாயனத்தில் வெளிச்ச அளவைக் கடலுக்குச் சரியாக வைத்தால் வானம் வெளுத்துவிடும், உங்களுடையது போலவே. அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு இன்னொரு நெகட்டிவ் என்று சேர்த்துப் பிரதி எடுத்தார். ஆடம்ஸ் 1941-ல் எடுத்த நிலவு உதயப் படத்தின் தொடக்ககாலப் பிரதிகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் உண்டு. பிற்காலப் பிரதிகளில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரே நெகட்டிவ்தான். நீங்கள் அங்கே உணர்ந்ததை நோக்கிப் போகும் எடிட்டிங் எனக்குச் சம்மதம். இல்லாத மலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ‘நான் பார்த்தது’ என்றால் அது பொய். இதற்கு மேல் இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

கேமரா எது, லென்ஸ் எது? இப்போது எதுவும் வேண்டாம். ஏதாவது வாங்கியே தீர வேண்டுமென்றால் கனமான ஒரு ட்ரைபாட் வாங்குங்கள். படம் ஆடாமல் வரும் என்பது இருக்கட்டும், அதை விரித்து, கால்களைச் சரிசெய்து, மட்டம் பார்ப்பதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும். அந்த ஐந்து நிமிடம் உங்களை ஓர் இடத்தில் நிறுத்தும். அப்புறம், விடியும் முன் போங்கள். தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் பாறைக்கும் புல்லுக்கும் நிழல் விழும், நிழல் விழுந்தால்தான் உருவம் திரளும். உங்கள் ஏரி சாம்பலானது நடுப்பகலில் அங்கே போய்ச் சேர்ந்ததால் இருக்கலாம்.

இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கேமராப் படம், பிரெஞ்சுக்காரர் நீப்ஸ் 1826 அல்லது 27-ல் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்தது. தெரிவது சில கூரைகளும் சுவர்களும்தான். தகடு பல மணி நேரம் வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்ததால், சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது. எந்த மனிதக் கண்ணும் ஒரே நேரத்தில் பார்த்திராத வெயில் அது. அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அந்த ஏரிக்கு மூன்று வருடம் கழித்து மறுபடி போனேன். இம்முறை குமிழ் சுற்றுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தேன். நல்ல படம் ஒன்று கிடைத்தது, முகட்டில் வெயிலோடு. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஆனால் அந்த இரண்டாவது பயணத்தில் தண்ணீர் எப்படி இருந்தது, மூடுபனி இருந்ததா என்று கேட்டால் எனக்குப் படத்தில் இருப்பதுதான் தெரியும்.

வெறும் சுருளை என்ன செய்வது என்று போன வாரம் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆறு ஆறு கட்டமாக வெட்டி, புது உறையில் போட்டு, மேலே ஏரியின் பெயரையும் தேதியையும் எழுதி, மற்ற நெகட்டிவ்களோடு வரிசையில் சேர்த்துவிட்டேன்.