மின்னிலக்க மானுடப்புலம்: கேள்வி பதில்

டிஜிட்டல் ஹ்யூமானிட்டீஸ் என்பது பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவதுதானா? (தொடக்கக் கல்லூரி மாணவி)

அது அடித்தளம் மட்டுமே. இலக்கியம், வரலாறு, மொழி, மெய்யியல் ஆகியவற்றில் எழும் ஒரு கேள்விக்கு, ஒருவர் ஆயுள் முழுவதும் படித்தாலும் தீராத அளவு சான்றுகளைக் கணினியின் துணையோடு ஒழுங்குபடுத்தி விடை தேடுவதும், அப்படித் தேடும் முறையையே ஐயத்தோடு ஆராய்வதும் இத்துறையின் பணி. ‘மின்னிலக்க மானுடவியல்’ என்று எழுதுவோரும் உண்டு. மானுடவியல் என்பது வேறொரு துறையின் பெயராகிவிட்டதால் நான் ‘மானுடப்புலம்’ என்கிறேன்.

இது எப்போது தொடங்கியது, ஐயா? (உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்)

பெயர் பரவலானது 2004க்குப் பிறகுதான், பணி பழையது. இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் ரொபர்ட்டோ பூசா, இடைக்காலக் கிறித்துவ மெய்யியலாளர் தாமஸ் அக்குவினாசின் இலத்தீன் நூல்களில் ‘இருப்பு’ என்னும் கருத்தை ஆராயப் புகுந்தபோது, பெரிய தத்துவச் சொற்களைவிட, நம் ‘இல்’ உருபின் வேலையைச் செய்யும் ‘இன்’ என்ற சிறு சொல்லே திறவுகோல் என்று கண்டு, அது வரும் தொடர்களை 10,000 அட்டைகளில் கைப்பட எழுதினார். பிறகு 1949இல், துளை அட்டைகளைக் கையாளும் இயந்திரங்களைச் செய்த ஐபிஎம் நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி பெற்றார். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவாகத் துளை அட்டைகளில் வளர்ந்த அந்தப் பணி, 1970களில் தொடங்கி 56 தொகுதிகளாக அச்சேறியது. அட்டைகளில் துளையிட்ட இளம்பெண்களை நெடுங்காலம் யாரும் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழுக்கும் அதே முறை போதாதா? (நூலகத் தொண்டூழியர்)

போதாது. இலத்தீனில் ‘இன்’ தனித்து நிற்கும். தமிழில் ‘இல்’ சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’ அகப்படாது. சரி, ‘ில்’ என்று முடிவனவற்றையெல்லாம் திரட்டுவோம் என்றால் வெயிலும் குயிலும் மயிலும் வந்து நிற்கும்! இலக்கணம் அறிந்தவர் சொற்களைப் பிரித்துக் குறியிட்டாலன்றி எண்ணிக்கைக்குப் பொருளில்லை. எழுத்திலும் சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒரே குறியைச் சேர்த்தும் தட்டலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் தட்டலாம். திரையில் ஒன்றாகவே தெரியும் இவ்விரண்டும், முன்னதாகச் சீர்செய்யாவிட்டால் கணினிக்கு வெவ்வேறு. 1887இல் இங்கே சிங்கப்பூரில் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ போன்ற இதழ்களிலோ, ‘லை’, ‘னை’ முதலியவை யானைத் துதிக்கை போன்ற பழைய கொம்போடு இருப்பதால், பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும், புதிய அச்சில் பழகிய எழுத்துணரி மென்பொருள் தடுமாறும்.

நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டுமா? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்)

தொடக்கத்தில் தேவையில்லை, தம்பி, எக்செல் போதும். தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்திலிருந்து பழைய இதழ் ஒன்றை எடுத்து, அதிலுள்ள இடப்பெயர்களை அட்டவணையில் பதியுங்கள். ‘சிங்கை’யையும் ‘சிங்கப்பூ’ரையும் ஒரே வரிசையில் சேர்ப்பதா, தனித்தனியே வைப்பதா என்று முதல் அரைமணி நேரத்திலேயே தயங்குவீர்கள். எதைத் தேர்ந்தாலும், காரணத்தைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வையுங்கள்.