கேள்வி-பதில்: ஓட்டல் பில்லும் மொய் நோட்டும்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. கணவர் தரமணியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். வேளச்சேரியில் வாடகை வீடு, மகனுக்கு 6 வயது. இருவர் சம்பளமும் சேர்த்து கையில் வருவது 1,24,000 ரூபாய். வாடகை 27,000, கார் லோன் 11,500, தென்காசியில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு 10,000. பள்ளிக் கட்டணம், மளிகை, பெட்ரோல், கரண்ட் எல்லாம் சேர்த்து 38,000. மகன் பேரில் வங்கியில் மாதம் 6,000 ஆர்.டி. (தொடர் வைப்பு) கட்டி இப்போது 66,000 இருக்கிறது. போன மாதம் ஓட்டலுக்கு மட்டும் 28,000 போயிருக்கிறது. கிரெடிட் கார்டில் 58,000 பாக்கி. மூன்று மாதமாக மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறோம். கேட்டால், "சாப்பிடத்தானே சம்பாதிக்கிறோம்" என்கிறார். யாரோடு போனாலும் பில் மேசைக்கு வருவதற்கு முன்பே சர்வரைத் தனியாகக் கூப்பிட்டு கார்டைக் கொடுத்துவிடுவார். அடுத்த மாதம் பதவி உயர்வு வருகிறது, டீமில் 15 பேர் ட்ரீட் கேட்கிறார்கள். வெளியே சாப்பிடுவதையே நிறுத்திவிடலாமா? சம்பளத்தில் எத்தனை சதவீதம் ஓட்டலுக்குச் செலவழிக்கலாம்? (பில்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.)

பதில்: நிறுத்த வேண்டாம். அப்படி நிறுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் தாங்கும், மூன்றாவது மாதம் இரட்டிப்பாகச் செலவாகும், நடுவில் வீட்டில் பேச்சுவார்த்தையும் குறைந்துவிடும். சதவீதக் கணக்கும் வேண்டாம். சொந்த வீட்டில் இருப்பவருக்கும் 27,000 வாடகை கொடுப்பவருக்கும் ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும்? நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் கழித்தால், ஆர்.டி. போக 31,500 நிற்கிறது. அதில் 28,000 ஓட்டலுக்குப் போனால் மிச்சம் 3,500. குழந்தைக்கு ஒரு காய்ச்சல், ஊரில் ஒரு கல்யாணம் வந்தால் அதுவும் கார்டில்தான் ஏறும். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பில்களை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். இந்த 28,000 ஒரே செலவு கிடையாது, நான்கு செலவு. ஆப்பில் ஆர்டர் செய்தது 14 முறை, 5,900. நீங்கள் மூவரும் வெளியே போய்ச் சாப்பிட்டது 5 முறை, 3,650. கல்யாண நாளுக்கு நட்சத்திர ஓட்டலில் 6,750. மற்றவர்களுக்கு உங்கள் கணவர் வாங்கிக் கொடுத்தது 3 முறை, 11,700.

கடைசி எண்ணைப் பாருங்கள். குடும்பமாக ஐந்து முறை போனதற்கு 3,650; ஊருக்கு வாங்கிக் கொடுத்த மூன்று முறைக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் வீட்டில் சண்டை வருவது என்னவோ "ஓட்டல் செலவு" என்ற பெயரில். இந்த 11,700 சாப்பாட்டுச் செலவே இல்லை என்பது என் கருத்து. அது மொய்.

எங்கள் அப்பா ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். இன்னார் மகள் கல்யாணம், 101 ரூபாய். இன்னார் வீட்டு காதுகுத்து, எவர்சில்வர் குடம் ஒன்று. ஒரு பத்திரிகை வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் பிரிப்பார். நமக்கு அவர்கள் என்ன செய்தார்கள், இந்த வருஷம் இன்னும் எத்தனை செய்முறை பாக்கி இருக்கிறது, கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் அம்மாவிடம் தொகையைச் சொல்வார். அவர் கஞ்சர் இல்லை, செய்ய வேண்டியதைக் குறையில்லாமல் செய்தவர். ஆனால் மொய்ப் பணத்தை மளிகைப் பணத்தோடு கலக்கவே மாட்டார்.

உங்கள் கணவர் செய்வதும் செய்முறைதான். தாராள மனசு, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோட்டு இல்லை என்பது மட்டும்தான் குறை. ஒன்பது பேருக்கு பஃபே, தலைக்கு 800, வரியோடு 7,560 ரூபாய்க்கு ஒரு பில் இருக்கிறது. ஓரத்தில் நீங்கள் பேனாவால் "கார் ட்ரீட்" என்று எழுதியிருக்கிறீர்கள். லோனில் வாங்கிய காருக்கான விருந்து, அதுவும் கார்டில் கடன். கார்டில் பழைய பாக்கி நிற்கும்போது புதிதாகத் தேய்ப்பதற்கு 45, 50 நாள் வட்டியில்லாத் தவணை கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் ஸ்டேட்மெண்ட்டில் மாதம் 3.5 சதவீதம் என்று இருக்கிறது, வருஷத்துக்கு 42. வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக அந்த ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு, அடைக்கிற வரைக்கும் மாதாமாதம் 312 ரூபாய் போய்க்கொண்டிருக்கும். மொத்தப் பாக்கி 58,000-க்குப் பார்த்தால் வட்டி 2,030, அதன் மேல் வரி 365. மாதம் கிட்டத்தட்ட 2,400 ரூபாய், யாரும் எதையும் சாப்பிடாமலே!

அதனால் முதல் வேலை, இந்த வாரமே அந்த ஆர்.டி.யை உடையுங்கள். மகன் பேரில் சேர்த்தது என்று தயங்குவீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கையில் 7 சதவீதம் போல வாங்கிக்கொண்டு இன்னொரு கையால் 42 சதவீதம் கொடுப்பது அந்தப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். முன்கூட்டியே முடித்தால் வங்கி வட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், பரவாயில்லை. 58,000-ஐ முழுசாக அடைத்துவிட்டு, மீதி 8,000-ஐ அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்டேட்மெண்ட்டில் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி கொஞ்சம் வரும், அதையும் கட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஓட்டலுக்கு கார்டு எடுத்துப் போக வேண்டாம். 25 சதவீதம் தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வரும் குறுஞ்செய்திகளையும் அதுவரை பார்க்க வேண்டாம்.

அடுத்து அந்த 14 ஆர்டர்கள். இதில் நீங்கள் போட்டதும் நிறைய இருக்கிறது. நேரத்தைப் பார்த்தாலே தெரிகிறது, எல்லாம் வேலை நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல். நாள் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு, வீட்டில் விடைத்தாள் கட்டையும் பிரிப்பவருக்கு அடுப்படிக்குப் போகத் தெம்பு இருக்காது. தப்பே இல்லை. ஆனால் ஒரு பில்லை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 421. பரோட்டாவும் சால்னாவும் 330. பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், வரி சேர்ந்து 91. பல கடைகளில் ஆப்பில் போடும் விலையே நேரில் வாங்குவதைவிடக் கூடுதல். அந்தக் கடை உங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான் என்று முகவரி சொல்கிறது. உங்கள் கணவர் வண்டியை நிறுத்திப் பார்சல் வாங்கி வரட்டும். வாரத்துக்கு இரண்டு இரவு வெளிச் சாப்பாடு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், மீதி நாளுக்கு மாவு, முட்டை, தயிர் என்று ஏதாவது வீட்டில் இருக்கும்.

கல்யாண நாள் விருந்தை நான் தொட மாட்டேன். வருஷத்துக்கு ஒரு முறை நல்ல இடத்தில், நிதானமாக, அடுத்தவர் அவசரம் இல்லாமல் சாப்பிடுவது நல்ல செலவு. நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் இருக்கும் சதர்ன் ஸ்பைஸ் மாதிரி இடங்களுக்கு அதற்காகத்தான் போகிறோம். பில்லைப் படிக்க மட்டும் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் பில்லில் சாப்பாடு 5,200. அதிலேயே தண்ணீர் பாட்டில் இரண்டு, 500 ரூபாய். "சாதாரண தண்ணீர் போதும்" என்று சொல்லியிருக்கலாம், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 520. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 1,030. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் வரி இப்படித்தான். வெளியே தனியாக இருக்கும் உணவகம் என்றால், ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீதம். இதே 5,200-க்குச் சாப்பிட்டிருந்தால் 5,460-ல் முடிந்திருக்கும்.

சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்லை. அதைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்று தீர்ப்பளித்தது. "இதை எடுத்துவிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். உங்கள் பில்லில் அதை எடுத்திருந்தால், அதன் மேல் போட்ட வரியும் சேர்ந்து 614 ரூபாய் குறைந்திருக்கும். அதில் 200, 300-ஐ பரிமாறியவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். மகனுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தார் என்று பில்லின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அவருக்கு அது நேராகப் போய்ச் சேரட்டும்.

சரி, இனி மாதத்துக்கு எவ்வளவு? குடும்பமாக வெளியே போக 4,000. இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான். பார்சல், ஆர்டருக்கு 2,500. கல்யாண நாள், பிறந்த நாளுக்கு மாதம் 1,500 தனியாக எடுத்து வைத்தால் வருஷத்துக்கு 18,000. இரண்டு பெரிய விருந்துக்குத் தாராளம். மொய்க் கணக்கில் 3,500. மொத்தம் 11,500. போன மாதத்தோடு பார்த்தால் 16,500 மிச்சம். அந்தப் பணம் முதலில் அவசர நிதிக்குப் போகட்டும். மூன்று மாதச் செலவு சேர்ந்த பிறகு மகன் பேரில் என்ன செய்யலாம் என்று எழுதுங்கள், பேசலாம்.

உங்கள் கணவரிடம் ஸ்டேட்மெண்ட்டை நீட்டிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம், அது குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாகக் கிளம்பித் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேக்குப் போங்கள். இட்லி மூழ்குகிற அளவுக்கு சாம்பாரை ஊற்றுவார்களே, அதைச் சாப்பிட்டு காபியும் குடித்துவிட்டு, வயிறும் மனசும் நிறைந்திருக்கும்போது ஒரு நோட்டை அவர் கையில் கொடுங்கள். எழுத வேண்டியது அவர்தான். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, அவ்வளவுதான். அவர்கள் திருப்பிச் செய்தார்களா என்று ஒரு பத்தி போட வேண்டாம், நட்பு கெட்டுவிடும். 3,500 தீர்ந்தால், அடுத்த விருந்து அடுத்த மாதம்.

பதவி உயர்வு ட்ரீட்டையும் அந்த நோட்டை வைத்தே முடிவு செய்யலாம். 15 பேரை அதே பஃபேக்குக் கூட்டிப் போனால் 12,600 ஆகும். சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீசிலேயே நல்ல கடை இனிப்பு, சமோசா, ஃபிளாஸ்க்கில் ஃபில்டர் காபி என்று தலைக்கு 150 போட்டாலும் 2,250-தான். மீதி 1,250-ல் அன்று இரவு உங்களையும் மகனையும் பிரியாணிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். பதவி உயர்வில் உங்களுக்கும் பங்கு உண்டு.