ஜெரோம் ஜாஃபி: ஒரு பேராசிரியரின் இரண்டு ஆண்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் உளவியல் முதுகலை மாணவன். மனநலத் துறைப் பேராசிரியர்கள் அரசுப் பொறுப்புக்குப் போகத் தயங்கக்கூடாது என்று எழுதியபோது ஜெரோம் ஜாஃபியை உதாரணம் காட்டினீர்கள். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோரைச் சிறையில் தள்ளியது அதிபர் நிக்ஸன் தொடங்கிய போதை ஒழிப்புப் போர்தானே? அதன் முதல் தலைவரை எப்படி முன்மாதிரியாகக் கொள்வது?

ர.

அன்புள்ள ர.,

ஜாஃபி நிக்ஸனின் போதை ஒழிப்பு அலுவலகத்தின் தலைவராக இருந்தது 1971 ஜூன் முதல் 1973 வரை. நீங்கள் சொல்லும் சிறைக்கதையில் பெரும்பகுதி அதற்குப் பிந்தையது. 15 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை விதித்த நியூயார்க் சட்டம் 1973இல் அந்த மாநிலம் கொண்டுவந்தது. மத்திய அரசின் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகள் 1986இல் வந்தன. ஜாஃபியின் காலத்திலோ, போதைக்காக மத்திய அரசு ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் சிகிச்சைக்கும் தடுப்புக்கும் போனது. அது பிறகு தலைகீழானது.

அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவம் கற்பித்தவர். அப்போது ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுப்பவர்களும், மருந்தே கூடாது என்று அடிமையானவர்கள் சேர்ந்து வாழ்ந்து மீளும் கூட்டு இல்லங்கள் நடத்துபவர்களும் பரம எதிரிகள். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் இருதரப்பையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்து, நோயாளிக்கு எது பொருந்துமோ அதற்கு அனுப்பினார். அந்தத் துணிவுதான் அவரை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனது என்பேன்.

ஆனால் நான் அவரை மதிக்கும் காரணம் வியட்நாம். அங்கே போரிட்ட அமெரிக்க வீரர்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் ஹெராயினுக்கு அடிமை என்று 1971 மே மாதம் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அறிக்கை தந்தார்கள். நாடே பதறியது. ஊர் திரும்பும் ஒவ்வொருவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள் என்றார் ஜாஃபி. ராணுவச் சட்டப்படி போதைப்பழக்கம் விசாரணைக்குரிய குற்றம். பரிசோதனையில் அகப்படுபவனைத் தண்டிக்கக்கூடாது, போதை தெளியும்வரை வைத்திருந்து சிகிச்சை கொடுத்து அனுப்பவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ராணுவம் ஏற்றது. வெளியே உட்கார்ந்து எத்தனை கட்டுரை எழுதியிருந்தாலும் அந்த ஒரு விதியை மாற்றியிருக்க முடியாது. (அதே பரிசோதனை பிற்காலத்தில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பும் கருவியாகவும் ஆனது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.)

அவர் செய்த இன்னொரு காரியம், திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து ஆராயும் பொறுப்பை லீ ராபின்ஸிடம் ஒப்படைத்தது. ராபின்ஸ் செயின்ட் லூயிஸில் பல்கலைக்கழக ஆய்வாளர். அரசு ஊழியர் அல்ல. வியட்நாமில் ஏறக்குறைய 20 சதவீதத்தினர் அடிமையாக இருந்ததாக அவரிடம் சொன்னார்கள். அவர்களில், திரும்பிய முதலாண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்றாண்டுகளில் 12 சதவீதம். ஹெராயினில் ஒருமுறை விழுந்தவன் எழவே மாட்டான் என்று நம்பியிருந்த காலம் அது. பலர் ராபின்ஸின் முடிவை நம்ப மறுத்தார்கள்.

நீங்கள் மாணவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். சிகிச்சை தேவையில்லை, மனஉறுதி போதும் என்பதற்கு இந்த ஆய்வைச் சான்று காட்டுவார்கள். அப்படி வாசிக்காதீர்கள். அந்த வீரர்கள் ஹெராயின் மலிவாகக் கிடைத்த போர்க்களத்தை விட்டு, அது அரிதாகவும் விலை கூடுதலாகவும் இருந்த சொந்த ஊருக்குப் போனார்கள். தான் குடிக்கும் தெருவிலேயே விடிந்து எழுபவனுக்கு அந்த வசதி கிடையாது. அவனுக்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், மூன்றாவது முறை வரும்போதும் திருப்பி அனுப்பாத வார்டு வேண்டும்.