குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு ஜெர்க் விங்ஸ்: தோல் தொளதொளக்காமல் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: அண்ணா, புத்தாண்டு இரவு கோத்தகிரியில் நண்பன் வீட்டு முற்றத்தில் 15 பேர் கூடுகிறோம். கரீபியன் ஸ்டைல் சிக்கன் விங்ஸ் நான் கொண்டுவருகிறேன் என்று வாய்கொடுத்து மாட்டிக்கொண்டேன். போன தடவை குன்னூரில் வீட்டிலேயே சுட்டு ஹாட் பாக்ஸில் போட்டு எடுத்துப்போனேன். வெளியே கருப்பு, தோல் தொளதொள, எலும்பு ஓரம் சிவப்பு. பாதி அப்படியே திரும்பி வந்தது. எங்கே தப்பு?

தம்பி, தப்பு ஹாட் பாக்ஸில். சுடச்சுட விங்ஸை அதில் போட்டு மூடினால் ஆவி வெளியே போக வழியில்லை. கோத்தகிரி போய்ச் சேருவதற்குள் அது இட்லிப் பாத்திரம் ஆகிவிடும், தோல் அதிலேயே வெந்துவிடும். வீட்டில் உள்ளே முழுசாக வேகவைத்துவிடுங்கள், மொறுமொறுப்பையும் சாஸையும் அங்கே போய் நெருப்பில் பார்த்துக்கொள்ளலாம். அரைவேக்காட்டில் எடுத்துப்போய் மீதியை அங்கே வேகவைக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அரைகுறையாகச் சூடான கோழியில் கிருமி சாகாது, பெருகும்.

முதலில் கறிக்கடை. நம்ம ஊர்க் கடைகளில் கேட்காமலேயே தோலை உரித்துவிடுவார்கள், தோல் இல்லாத ரெக்கையைக் கிரில்லில் போட்டால் காய்ந்த கயிறுதான். முந்தின நாளே சொல்லி வைத்து, தோலோடு வாங்குங்கள். கிலோவுக்குச் சுமார் 10, 12 ரெக்கை வரும். வேறு சாப்பாடும் இருக்கும் என்றால் 15 பேருக்கு 4 கிலோ போதும். ரெக்கை நுனியை வெட்டி சூப்புக்கு வைத்துவிட்டு, மீதியை மூட்டில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கரீபியன் என்று பொதுவாகச் சொன்னாலும் நீங்கள் தேடுவது ஜமைக்காவின் ஜெர்க், அதாவது கார மசாலாவில் ஊறவைத்துத் தணலில் புகையோடு சுடுவது. அதன் உயிர் இரண்டு பொருள்: ஆல்ஸ்பைஸ், ஸ்காட்ச் பானட் மிளகாய். ஆல்ஸ்பைஸ் என்பது மசாலாக் கலவை இல்லை, பிமென்டோ என்ற ஒரே மரத்தின் காய்ந்த காய். கிடைக்கவில்லையா, கவலை வேண்டாம். அதன் வாசனைக்குக் காரணமான யூஜினால்தான் கிராம்பிலும் இருக்கிறது. கிலோவுக்கு 4 கிராம்பு, ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு இன்ச் பட்டை, கால் ஜாதிக்காய் பொடித்தால் கிட்டத்தட்ட அங்கே போய்விடலாம். கிராம்பும் ஜாதிக்காயும் நம்ம பர்லியாறு பண்ணையிலேயே விளைகிறவைதானே. ஆல்ஸ்பைஸ் கிடைத்தால் கிலோவுக்கு 2 டீஸ்பூன் பொடி போட்டு, கிராம்பை விட்டுவிடுங்கள்.

மிளகாய்க்கு, இலங்கையிலிருந்து வந்த குடும்பம் யாராவது தெரிந்தவர்களாக இருந்து, வீட்டில் நை மிரிஸ் செடியும் வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். அதுவும் ஸ்காட்ச் பானட் இனம்தான், அந்தப் பழவாசனை காந்தாரியில் வராது. இல்லையென்றால் காந்தாரி போதும், காரத்துக்குக் குறைவிருக்காது.

இதோடு கிலோவுக்கு நாலைந்து வெங்காயத்தாள், 6 பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு கைப்பிடி தைம் என்ற வாசனை இலை (நீலகிரியில் விளைகிறது, காய்ந்த பொடி வாங்காதீர்கள்), ஒரு ஸ்பூன் சோயா சாஸ், 2 டீஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை. அரைத்து, இரண்டு கரண்டி விழுதைச் சாஸுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தடவி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். பச்சைக்கறி ஊறிய மசாலாவைக் கடைசியில் மேலே பூசுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எலுமிச்சையைச் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பிழிந்தால் போதும், ராத்திரியே பிழிந்தால் கறி மாவாகிவிடும்.

இப்போது கருகல் விஷயம். ஈர விழுதும் சர்க்கரையும் நேர் தணலில் பட்டால் ஐந்து நிமிடத்தில் கரி, உள்ளே பச்சை. சுடும் முன் விழுதை விரலால் வழித்துவிடுங்கள், உப்பும் வாசனையும் ஏற்கெனவே இறங்கியிருக்கும். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்து மூடி, 30, 35 நிமிடம். நம்ம உயரத்தில் காற்று லேசு, பனியில் கரியும் ஈரம் இழுத்திருக்கும், அதனால் பிடிக்க நேரம் எடுக்கும். நீறு பூக்கும்வரை பொறுமையாக இருங்கள்.

புகைக்குக் கற்பூர மரத்தை (யூகலிப்டஸைத்தான் சொல்கிறேன்) மட்டும் தொடாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், பிமென்டோ, கிராம்பு, கொய்யா, கற்பூர மரம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் கற்பூர விறகில் சுட்டால் விங்ஸில் தைல வாசனைதான் வரும். ஒரு தடவை விறகு தீர்ந்துபோய் நான் அதைப் போட்டேன், என் மச்சான் தின்றுவிட்டு ஜலதோஷம் விட்டுவிட்டது என்றான். ஜமைக்காவில் பிமென்டோ விறகு போடுவார்கள், நமக்குக் காய்ந்த கொய்யாக் கட்டை நன்றாகவே இருக்கும். நனைத்த பிரிஞ்சி இலை நாலைத் தணலில் போட்டாலும் சரி.

எலும்பு ஓரச் சிவப்பை வைத்து வெந்ததா என்று முடிவு கட்டாதீர்கள். பிராய்லர் இளங்கோழி, எலும்பு மஜ்ஜையின் நிறம் வெளியே கசியும், நன்றாக வெந்தாலும் சிவப்பு தெரியலாம். தெர்மாமீட்டர் வாங்குங்கள். எலும்பில் படாமல் சதையில் குத்தி 74 டிகிரி காட்டினால் பாதுகாப்பு, ரெக்கைக்கு 80க்கு மேல் போனால்தான் சவ்வு இளகும். அதைக் கொதிநீரில் சோதித்து 100 காட்டவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், குன்னூரில் தண்ணீர் 94 வாக்கிலேயே கொதித்துவிடும். ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா பாருங்கள்.

எடுத்ததும் கம்பி வலையில் பரப்பி, ஆவி அடங்க 10 நிமிடம் விடுங்கள். பிறகு அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரே அடுக்காக வைத்து மெல்லிய துணி போட்டு மூடினால் போதும். பிளாஸ்டிக் பையை நம்ம மாவட்டத்தில் எடுக்கவே வேண்டாம். நெருப்பிலிருந்து எடுத்து 2 மணி நேரத்துக்குள் மறுபடி நெருப்பு ஏற வேண்டும். குளிர்தானே, தாங்கும் என்று நீட்டாதீர்கள். பார்ட்டி ராத்திரி பத்துக்குத்தான் என்றால் வீட்டில் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுபோவதுதான் சரி.

அங்கே போனதும் நேர் தணலில் புரட்டிப் புரட்டி ஐந்தாறு நிமிடம், ஃபிரிட்ஜிலிருந்து வந்ததென்றால் முதலில் மூடி கொஞ்சம் சூடேற்றிவிட்டு. மறுபடி 74 தொட வேண்டும். எடுத்து வைத்த விழுதை வெல்லம், எலுமிச்சை, கொஞ்சம் புளியோடு கொதிக்கவைத்துப் பாட்டிலில் கொண்டுபோங்கள், கடைசி ஒரு நிமிடம் மட்டும் பூசுங்கள். குழந்தைகள் இருந்தால் பத்துப் பதினைந்து துண்டை மிளகாய் இல்லாமல் தனியே ஊறவையுங்கள்.

மழை தூறினாலும், கை விறைத்தாலும் கிரில்லை உள்ளே தூக்கி வராதீர்கள். கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. மலையில் குளிருக்காக அறைக்குள் தணலை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். தணலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, காலையில் சூடில்லை என்று பார்த்த பிறகு கொட்டுங்கள், ஜனவரியில் வேலியோரப் புல் முழுக்கக் காய்ந்து கிடக்கும்.