காலி மனைக்குள்ள கால் வச்சாலே நீளமான மஞ்சள் காலோட ஒரு பறவை தலைக்கு மேல வந்து வட்டம் போட்டு கத்துது, ராத்திரியும் விடாம கத்துது, அது எது, ஏன் கத்துது?

நீளமான மஞ்சள் கால், நம்மள பார்த்தாலே வட்டம் போட்டு கத்தல், ராத்திரியும் விடாம கத்தல்னு மூணும் கேள்வியிலயே சொல்லிட்டீங்க, அப்புறம் சந்தேகமே வேணாம், அது ஆள்காட்டி தான். எங்க சிவகங்கை பக்கம் ஆக்காட்டின்னு சொல்லுவோம். யாராவது வந்தா ஊருக்கே காட்டிக் கொடுத்துரும்னு வந்த பேரு, முயல் வேட்டைக்கு போறவங்க இதை திட்டாத திட்டு கிடையாது.

நீங்க பார்த்தது சிவப்பு மூக்கு ஆள்காட்டியா இருக்கும். புறாவை விட கொஞ்சம் பெருசு, தலையும் நெஞ்சும் கருப்பு, கண்ணுக்கு பின்னால ஆரம்பிச்சு கழுத்தோரமா வயிறு வரைக்கும் ஒரு வெள்ளை பட்டை இறங்கும், முதுகு வெண்கலப் பழுப்பு. அலகு சிவப்பு, நுனி மட்டும் மையில முக்குன மாதிரி கருப்பு. கண்ணுக்கு முன்னாடி சிவப்பா ஒரு சதை இருக்கும், அதை வச்சுத்தான் சிவப்பு மூக்குன்னு பேரு. அந்த சதை மஞ்சளா இருந்து தலையில கருப்பு தொப்பி போட்ட மாதிரி இருந்தா அது மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, அது கொஞ்சம் சின்னது, தண்ணியே இல்லாத பொட்டல்ல தான் அதிகமா திரியும். ரெண்டுமே மரத்துல உட்கார்ற ஜாதி இல்ல. நாலு எட்டு ஓடும், டக்குனு நிக்கும், குனிஞ்சு ஒரு பூச்சிய கொத்தும், மறுபடி ஓடும்.

சரி ஏன் கத்துது? முட்டை போடுற சீசன்ல (மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தான் அதிகம்) இப்படி கத்தினா, உங்க மனையிலயோ பக்கத்துலயோ முட்டை இருக்கும். ஆனா அது கத்துற இடத்துல தேடாதீங்க, அங்க இருக்கவே இருக்காது. இதை நான் மூணு நாள் வெயில்ல காய்ஞ்சு தெரிஞ்சுக்கிட்டேன். எங்க கண்மாய்க்கரை ஒட்டின காட்டுல ஒரு ஜோடி இருந்துச்சு, எங்க அதிகமா கத்துதோ அங்கயே போய் போய் தேடுனேன், ஒரு தடவை வெறும் தரையில போய் முட்டை மேல உட்கார்ற மாதிரியே சிறகை ஒதுக்கி உட்கார்ந்துச்சு, ஆஹா மாட்டிக்கிச்சுன்னு ஓடிப் போனா ஒண்ணுமே இல்ல. அப்புறம் தான் புரிஞ்சது, நாம தூரத்துல வரும்போதே சத்தமில்லாம எந்திரிச்சு கொஞ்ச தூரம் நடந்து போயிட்டு அங்க இருந்து தான் பறந்து கத்த ஆரம்பிக்குது. ஆளை காட்டிக் கொடுக்குமே தவிர முட்டைய காட்டாது. மூணாவது நாள் வேப்பமரத்தடியில அசையாம உட்கார்ந்தேன், அரை மணி நேரம் கழிச்சு அதுவா நடந்து வந்து உட்கார்ந்துச்சு.

கூடுன்னு ஒண்ணும் பெருசா இல்லைங்க. தரையில லேசா ஒரு பள்ளம், ஓரத்துல சின்ன கல்லு, ஆட்டுப் புழுக்கை, அவ்வளவு தான். நடுவுல நாலு முட்டை, கூர் நுனி நாலும் உள்பக்கம் பார்த்து இருந்துச்சு, காய்ஞ்ச கரம்பைக் கட்டியில கருப்பு மை தெளிச்ச மாதிரி கலர், ரெண்டு அடி தள்ளி நின்னா கண்ணுக்கு தெரியாது. ஆடு மிதிச்சிரக் கூடாதேன்னு நான் புத்திசாலித்தனமா சுத்தி நாலு செங்கல்ல வச்சுட்டு வந்தேன். ரெண்டும் பக்கத்துலயே வரல, உச்சி வெயில், முட்டை வெந்துருமேன்னு அப்பா வச்ச ஏச்சுல ஓடிப்போய் எடுத்தேன். அன்னைக்கு தான் இன்னொண்ணும் பார்த்தேன், ஒண்ணு கண்மாய்ல மிச்சமிருந்த தண்ணியில போய் வயித்தை நல்லா நனைச்சுட்டு வந்து ஈரத்தோட முட்டை மேல உட்கார்ந்துச்சு, சூட்டை தணிக்க அதோட ஏசி அது. ஆணும் பெண்ணும் மாத்தி மாத்தி உட்காரும், எது எதுன்னு பார்த்து கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

அதனால நீங்க செய்ய வேண்டியது, ஒரு மாசம் அந்த பக்கம் போறதை குறைச்சுக்கோங்க, 28 முதல் 30 நாள்ல பொரிச்சிரும். அடையாளத்துக்கு குச்சி நட வேணாம், தூக்கி வேற இடத்துல வைக்கவும் வேணாம், நாம அடிக்கடி நிக்கிற இடத்தை காக்கா பார்த்து வச்சுக்கும். குஞ்சு பொரிச்ச கொஞ்ச நேரத்துலயே எழுந்து ஓடும், இரையும் அதுவா தான் பொறுக்கும், ஊட்டுற வேலையே இல்ல. தாய் ஒரு குரல் கொடுத்தா போதும், இருந்த இடத்துலயே தரையோட தரையா படுத்துரும், பார்த்து கால் வைங்க. தலையில கொத்திருமோன்னு பயப்படாதீங்க, மோதுற மாதிரி வரும், கிட்ட வந்ததும் திரும்பிரும். நாய்கிட்டயும் இதே வேலை தான்.

எங்க வீட்டுல இந்த வருஷம் மோட்டார் ரூம் மொட்டை மாடியில கிடந்த ஜல்லி மேல மூணு முட்டை போட்டு வச்சிருக்கு. ஏணியில ரெண்டு படி ஏறினாலே ஊரை கூட்டுது, அதனால டேங்க் நிரம்பி வழியிற சத்தம் கேட்டா தான் அம்மா மோட்டாரை நிப்பாட்டுறாங்க.