புதிதாகப் பெயிண்ட் அடித்த ஆர்சி டிரெயில் டிரக்கில் துருவும் சேறும் பூசுவது வேலையைக் கெடுப்பதாகாதா?

நீங்கள் 1:10 அளவில், அதாவது அசலில் பத்தில் ஒரு பங்காக, ரிமோட்டில் ஓடும் (ஆர்சி) மாடல் டிரக் ஒன்றைப் பொறுமையாகக் கட்டி, பாடிக்குப் பெயிண்டும் அடித்து முடித்துவிட்டு, அதைப் பழசாக்கச் சொல்லும் நண்பர்களிடம் சிக்கியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். துருவும் சேறும் பூசுவதால் வேலை கெடாது. ஆனால் அந்தத் துரு எந்த உலோகத்தில், எந்தத் தண்ணீர் தேங்கியதால் வந்தது என்று சொல்லத் தெரியாமல் பூசினால் நிச்சயம் கெடும். இதை நான் ஒரு முழு பாடியை வீணாக்கிய பிறகே கற்றுக்கொண்டேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் கட்டியது லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வடிவிலான, கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாடி கொண்ட வண்டி. பச்சை வண்ணம் அடித்து, கதவுகளிலும் பானெட்டிலும் முன் மட்கார்டுகளிலும் உப்புத்தூள் முறையில் செந்துருத் திட்டுகளை வரவழைத்திருந்தேன். அடியில் துருநிறம், அதன் மேல் ஈரத்தில் ஒட்டிய உப்பு, அதற்கும் மேல் பச்சை; காய்ந்தபின் உப்பைத் தேய்த்து எடுத்தால் பெயிண்ட் உரிந்து துரு தெரிவது போலவே இருக்கும். பல மாலைப்பொழுதுகள் அதில் போயின. அசல் வண்டிகளைப் பல ஆண்டுகள் பழுதுபார்த்த ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கதவுத் தகடு அலுமினியமாச்சே. இதுல செந்துரு எங்கிருந்து வரும்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. 1948இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது பிரிட்டனில் போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால், மேல் தகடுகளுக்கு அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார்கள். 2016இல் பழைய டிஃபெண்டரின் உற்பத்தி நிற்கும் வரை பெரும்பாலான மேல் தகடுகள் அலுமினியமாகவே இருந்தன. சேஸிஸும், முன் கண்ணாடிக்குக் கீழே எஞ்சினையும் உட்புறத்தையும் பிரிக்கும் சுவரான பல்க்ஹெட்டும், கதவின் உள்சட்டமும் எஃகு. ஆகவே அந்த வண்டியில் செந்துரு பிடிக்கும் இடங்கள் பல்க்ஹெட்டின் மேல் மூலைகள், கால் வைக்கும் பகுதி, பின்புறக் குறுக்குச் சட்டம், கீல்களும் போல்ட்டுகளும் ஆகியவைதாம். அலுமினியமும் எஃகும் ஈரத்தோடு ஒட்டியிருக்கும் கதவின் அடிவிளிம்பில் வேறொன்று நடக்கிறது: அலுமினியம் அரிக்கப்பட்டு, வெள்ளைப் பொடி சேர்ந்து, பெயிண்ட் கொப்பளித்து நிற்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில் பழுப்பு தெரியாது. மங்கிய சாம்பல் உலோகமே தெரியும்.

அன்றிரவே பாடியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து எல்லாவற்றையும் உரித்தேன். இரண்டாம் முறை சாம்பல் பிரைமரின் மேல் பளபளப்புக் குறைந்த அலுமினிய நிறத்தை அடித்து, மேட் கிளியர் (பளபளப்பில்லாத, நிறமற்ற பூச்சு) கொடுத்துக் காயவிட்டு, அதன் மேல் சாதாரண ஹேர்ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு பூச்சு விட்டு, பிறகு அக்ரிலிக் பச்சையை அடித்தேன். பச்சை தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், நாள்கணக்கில் இறுகவிடாமல், வெதுவெதுப்பான தண்ணீரைத் தடவிக் கெட்டியான பிரஷ்ஷால் குத்தினால், அடியில் உள்ள ஹேர்ஸ்பிரே கரைந்து பச்சை சிறு சிறு செதில்களாக உதிரும். கதவுக் கைப்பிடியைச் சுற்றியும், ஏறி இறங்கும்போது காலணி உரசும் விளிம்பிலும், சாமான் ஏற்றும் பின்பகுதியிலும் மட்டும் உதிர்த்தேன். இந்த அளவில் 1 மில்லிமீட்டர் செதில் என்பது அசல் வண்டியில் 1 சென்டிமீட்டர் காயம் என்பதை மறக்கக்கூடாது. தொடங்குபவர்களின் வண்டிகள் நம்பும்படியாக இல்லாமற்போவதற்கு, நிறத்தைவிட இந்த அளவுப் பிழையே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

துருவை பல்க்ஹெட் மூலைகளிலும் போல்ட் தலைகளிலும் மட்டும் வைத்து, அங்கிருந்து மழைநீர் இறங்கும் திசையில் நேர்கீழாக மெல்லிய ஒழுகல் கோடுகளை ஆயில் பெயிண்டில் இழுத்தேன். அதன் பிறகு, இணைப்பு இடுக்குகளில் அழுக்கு தெரிவதற்காக எனாமல் வாஷ் (கரைப்பானில் மிக மெலிதாகக் கரைத்த எனாமல் பெயிண்ட்) விட்டேன். முதலில் பளபளப்பான கிளியர் அடித்துக்கொண்டால் வாஷ் இடுக்கு வழியே தானாக ஓடும். மேட் பரப்பில் விட்டால் பரவிக் கறையாக நின்றுவிடும். இங்கே எனக்கு இன்னொரு சேதமும் நேர்ந்தது: பம்பர் திருகுகளை இறுக்கிய நிலையிலேயே வாஷைத் தாராளமாக விட்டதால், அதில் உள்ள கரைப்பான் இழுவிசையில் இருந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்குள் இறங்கித் திருகுத் துளையைச் சுற்றி விரிசல் விட்டது. திருகுகளைத் தளர்த்திவிட்டு, குறைவாக விட்டு, உடனே ஒற்றி எடுங்கள்.

"பாதையில் நாலு முறை ஓட்டினால் தானாகப் பழசாகிவிடும், இதெல்லாம் எதற்கு?" என்று பின்னூட்டத்தில் யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். ஓட்டுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் வண்டி அலமாரியில் நிற்பதற்காகக் கட்டப்பட்டதும் அல்ல. கெட்டி பாடியின் எடை மேலே ஏறிவிடுவதால் சரிவில் கவிழாமல் இருக்க முன் ஆக்சிலில் பித்தளை எடைகளை மாட்டி, 2எஸ் (இரண்டு செல்) பேட்டரியில் நடை வேகத்தில் பாறை ஏற்றுகிறேன். ஆனால் லெக்ஸான் எனும் மெல்லிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாடிகளுக்குப் பெயிண்ட் உட்புறத்தில் இருப்பதால், எத்தனை பாறையில் உரசினாலும் வெளியே வெள்ளைக் கீறல்தான் விழும். உலோகம் தெரிவது போன்ற காயம் ஒருபோதும் வராது. நிஜச் சேறும் அப்படித்தான்: 1 மில்லிமீட்டர் மணல் பரல் இந்த அளவில் கூழாங்கல்லாகத் தெரியும். ஆகவே வீல் ஆர்ச்சுக்குள் மாவு போன்ற பிக்மென்ட் பொடியைத் தூவி, ஆல்கஹால் சொட்டுவிட்டுப் படியவைக்கிறேன். தண்ணீரில் இறங்கினால் அது கழுவிப் போகும் என்பது உண்மை. ஓட்டிவிட்டு வந்து மீண்டும் தூவ ஐந்து நிமிடமே ஆகிறது.

இதைச் சொல்லும்போது ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டாவது பாடியை ஒரு காட்சிப் போட்டியில் வைத்தபோது, "துரு போதவில்லை, தைரியமாகச் செய்திருக்கலாம்" என்று மதிப்பெண் குறைத்தார்கள். பக்கத்தில் இருந்த அதே மாதிரி வண்டி, அலுமினியக் கதவில் ஆரஞ்சு நிறத் துருவோடு மேலே போனது. அதைச் செய்தவர் உழைத்திருந்தார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மதிப்பிடுபவர்கள் அசல் வண்டியை ஒருமுறையாவது குனிந்து பார்த்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் பளபளப்பான பாடியை இப்போது தொடாதீர்கள். உங்கள் மாடலுக்கு அசலான வண்டியின் பழைய படங்களைத் தேடி, எது எஃகு, எது அலுமினியம், எது பிளாஸ்டிக் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பம்பரையும் சைலன்சர் குழாயையும் கழற்றி முதலில் அவற்றில் பழகுங்கள். இத்தகைய பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் அவை இரண்டும் எஃகு. அங்கே துருவைத் தாராளமாகவே பூசலாம்.